அந்த இடத்தில் பரு: மெடிக்கலா, லாட்ஜ் வைத்தியரா, பெரியாஸ்பத்திரியா?

மதுரையில் ஓர் ஆணுக்கு அந்தரங்க இடத்தில் பரு மாதிரி ஏதாவது கிளம்பினால், அவன் போகக்கூடிய இடம் மூன்று. தெருமுனை மெடிக்கல், சுவர் விளம்பரத்தில் பார்த்த லாட்ஜ் வைத்தியர், தோல் டாக்டர். யாரிடமும் சொல்லாமல் ராத்திரி முழுக்க செல்போனில் படம் பார்த்துப் பயந்துகொண்டிருப்பதையும் ஒரு வழி என்று சொன்னால், நான்கு. நான் போனது தோல் டாக்டரிடம், அதுவும் கோரிப்பாளையம் பக்கத்துப் பெரியாஸ்பத்திரியில். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

லாட்ஜ் வைத்தியரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான் நேரில் போனதில்லை, போய் வந்தவர்கள் சொல்லிக் கேட்டதுதான். பருவைக் காட்டப் போனவருக்கு ஆண்மைக் குறைவு என்று பயம்காட்டி லேகிய டப்பாவோடு அனுப்பியிருக்கிறார்கள். பால்வினை நோய்க்கும் ஆண்மைக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சுவரில் விளம்பரம் இருக்கிறது என்பதே போகாமல் இருக்கப் போதுமான காரணம். அரசு ஆஸ்பத்திரிச் சித்த மருத்துவப் பிரிவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அது வேறு.

உண்மையான போட்டி மெடிக்கலுக்கும் டாக்டருக்கும்தான். மெடிக்கல் பக்கத்தில் இருக்கிறது, ஓ.பி. சீட்டு வேண்டாம், வேட்டியை அவிழ்க்கவும் வேண்டாம். "அண்ணே, தொடை இடுக்குல அரிப்பு" என்றால் போதும். எங்கே என்று கேட்டால் எல்லாரும் தொடை இடுக்கு என்றுதான் சொல்வோம். கடைக்காரர் ஒரு டியூபை எடுத்துக் கொடுப்பார். பெரும்பாலும் அது ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்ததாக இருக்கும். தடவிய இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். அங்கேதான் சிக்கலே.

அரிப்பை அடக்கியது ஸ்டீராய்டு. அது நோயைக் கொல்வதில்லை, தோலின் எதிர்ப்பை அமுக்குகிறது. அடியில் படர்தாமரை இருந்தால், சிவப்பும் ஓரமும் மங்கிப்போக, பூஞ்சை நிம்மதியாகப் பரவும். நிறுத்தினால் பழையபடி வரும், திரும்பத் தடவுவோம். இதில் இடமும் சேர்ந்துகொள்கிறது. விதைப்பைத் தோல் அவ்வளவு மெல்லியது. முன்கையில் தடவினால் உள்ளே போகும் ஹைட்ரோகார்டிசோன் என்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டைப் போல ஏறக்குறைய 42 மடங்கு அங்கே உறிஞ்சப்படுகிறது என்று 1967-இலேயே அளந்திருக்கிறார்கள். கடையில் தரும் டியூபில் இருப்பது பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு வீரியமான ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, எரிய ஆரம்பிக்கும்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று உண்டு. தோல் டாக்டர் பாதி நோயைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கிறார். ஸ்டீராய்டு அந்தப் பருவின் முகத்தையே மாற்றிவிடுகிறது. அதற்கப்புறம் டாக்டரிடம் போனாலும் அவர் பார்ப்பது நோயை அல்ல, களிம்பு விட்டுவைத்த மிச்சத்தை. மற்ற சாதக பாதகங்களை ஒரு தட்டில் வைத்து இதை மட்டும் இன்னொரு தட்டில் வைத்தாலும், எனக்கு இதுதான் கனம்.

என் விஷயத்தையே சொல்கிறேன். எனக்கு இருந்தது இரண்டு வகை. ஆண்குறியின் நுனி மொட்டைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன முத்துகள். விதைப்பையில் ராத்திரியானால் பிய்த்தெடுக்கும் அரிப்போடு தடித்த முடிச்சுகள். நான் இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்திருந்தேன். டாக்டர் விரலிடுக்கையும் மணிக்கட்டையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: முத்துகள் பல ஆண்களுக்கு இயல்பாகவே இருப்பவை, தொற்றாது, மருந்தே வேண்டாம். முடிச்சு, சிரங்கு, அதாவது தோலுக்குள் புகும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியால் வருவது. பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து கால்வரை ராத்திரி பூசிக் காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரி பூச வேண்டும், அரிப்பு இல்லாதவர்களும். துணிமணி, படுக்கை விரிப்பு வெந்நீரில். பூச்சி செத்த பிறகும் முடிச்சு சில வாரம் நிற்கும் என்று முன்கூட்டியே சொன்னதால் பயமில்லாமல் இருந்தது. மெடிக்கல் டியூபாக இருந்திருந்தால், மருந்தே வேண்டாத முத்துக்கும் தடவியிருப்பேன், வீட்டில் மற்றவர்களிடம் இருக்கும் சிரங்கை அப்படியே விட்டிருப்பேன்.

மற்றவை எனக்கு வந்ததில்லை, அதனால் சுருக்கமாக. தண்டில் மஞ்சளாகத் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள்தான், இயல்பு. நடுவில் குழி விழுந்த பளபளப்பான பரு ஒரு வைரஸால் வருவது. காலிஃபிளவர் போல வளர்வது எச்.பி.வி. என்ற இன்னொரு வைரஸால் வரும் மரு. வலியோடு கொத்தாக வரும் கொப்புளம் ஹெர்பிஸாக இருக்கலாம். வலியே இல்லாத ஒற்றைப் புண்தான் ஏமாற்றுவது. சிபிலிஸ் என்ற பால்வினை நோய் அப்படித்தான் ஆரம்பிக்கும், தானாக ஆறவும் செய்யும், நோய் மட்டும் உள்ளே இருக்கும். இந்தக் கடைசி இரண்டிலும் ரத்தப் பரிசோதனை இல்லாமல் நிற்கக் கூடாது. எச்.ஐ.வி. பரிசோதனை அரசின் நம்பிக்கை மையத்தில் இலவசம், ரகசியம் காக்கப்படும். கூச்சமாக இருந்தால் முதலில் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் போன் போட்டுப் பேசலாம். முன்தோல் அடிக்கடி சிவந்து வெடித்தால் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

டாக்டர் பக்கத்திலும் குறை உண்டு. ஓ.பி. காலையில்தான், ஒரு நாள் வேலை போகும். எந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மாணவர்கள் கூட நிற்கலாம். தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. காசு பரவாயில்லை, சாயங்காலம்தான் வசதி என்றால் தனியார் தோல் டாக்டர். அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு, ஆனால் மெடிக்கல் டியூபோடு ஒப்பிட்டால் அதுவும் நல்ல வழிதான்.

எங்கே போனாலும், போகும் முன் பரு இருக்கும் இடத்தில் சவரம் செய்ய வேண்டாம், எதையும் தடவவும் வேண்டாம். ஏற்கெனவே தடவியிருந்தால் அந்த டியூபையே கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.