ஸ்கிர்மியானைப் பார்க்க ஃபிரெனலா, ஹாலோகிராஃபியா?

இரும்பு ஜெர்மனைடு படிகத்திலிருந்து சீவி எடுத்த துண்டு, தடிமன் 100 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் ஸ்கிர்மியான் என்னும் காந்தச் சுழிகள் காந்தப்புலத்தை ஏற்ற ஏற்ற எப்படிப் பிறக்கின்றன என்று பார்க்க வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதற்கு ஃபோகஸைத் தள்ளிவைத்துப் பார்க்கும் லொரென்ட்ஸ் ஃபிரெனல் முறையும் உண்டு, சாம்பிளைக் கடந்த எலக்ட்ரான் அலையை வெற்றிடத்தில் வந்த ஒப்பீட்டு அலையோடு சேர்த்து அளக்கும் ஹாலோகிராஃபியும் உண்டு. நான் எடுத்தது ஃபிரெனல்.

எந்த வழியில் போனாலும் முதலில் அப்ஜெக்டிவ் லென்ஸை, அதாவது சாம்பிளை ஒட்டியிருக்கும் முதன்மைக் காந்த லென்ஸை, அணைத்தாக வேண்டும். அது சாம்பிள் மேல் 2 டெஸ்லா அளவுக்குப் புலம் பாய்ச்சும். பார்க்க வந்த சுழியே அழிந்துவிடும்.

ஃபிரெனலில் ஃபோகஸ் சரியாக இருந்தால் காந்தம் தெரியாது, வெறும் சாம்பல் நிறம்தான். ஃபோகஸை வேண்டுமென்றே தள்ளிவைத்தால் சுமார் 70 நானோமீட்டர் இடைவெளியில் வரிகள் எழும்பி வரும். அணைத்த லென்ஸுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மின்னோட்டம் கொடுங்கள். 0.1 டெஸ்லாவை ஒட்டி வரிகள் அறுந்து புள்ளிகளாகும். புள்ளிகள் நகர்ந்து அறுகோண வரிசையில் அமரும். ஃபோகஸை மறுபக்கம் திருப்பினால் வெள்ளைப் புள்ளிகள் கறுப்பாகும். இத்தனையும் கண்ணெதிரே, வீடியோவாக. 2010-இல் ஜப்பானிய இயற்பியலாளர் டோகுராவின் குழுவினர் இரும்பு-கோபால்ட் சிலிசைடில் ஸ்கிர்மியான் வரிசையை நேரில் காட்டியதும் லொரென்ட்ஸ் படத்தில்தான்.

ஹாலோகிராஃபியின் பலம் வேறு. காந்தப்புலம் தொடாத பாதையில் போகும் எலக்ட்ரான் அலையும் காந்தத்தால் மாறும் என்ற அஹரோனோவ்-போம் விளைவை ஜப்பானிய இயற்பியலாளர் டோனோமுரா 1986-இல் நிறுவியது அதை வைத்துத்தான். எலக்ட்ரான் அலையின் கட்டத்தையே, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதையே, அளப்பதால் காந்தப் பாயம் (ஒரு பரப்பைக் கடக்கும் புலத்தின் மொத்த அளவு) எண்ணாகக் கையில் கிடைக்கும். ஃபிரெனல் படத்தில் சுழியின் அகலத்தை நேராக அளந்தால் ஏமாந்துபோவோம். ஃபோகஸ் தள்ளியிருப்பதால் எல்லாமே வீங்கித் தெரியும்.

என்னைத் தடுத்தது முக்கியமாக ஒரு விஷயம். கட்டத்தில் காந்தம் மட்டும் இல்லை, பொருளின் மின்னழுத்தமும் கலந்திருக்கிறது. தடிமன் கொஞ்சம் ஏறி இறங்கினாலே அந்தப் பங்கு காந்தப் பங்கை மூழ்கடித்துவிடும். பிரிக்க வேண்டுமானால் அதே இடத்தை இரண்டு முறை எடுக்க வேண்டும். சாம்பிளைக் கவிழ்த்து எடுக்கலாம். இல்லாவிட்டால், இந்தப் பொருளின் காந்த ஒழுங்கு சுமார் 5 டிகிரி செல்சியஸில் கலைந்துவிடுவதால், குளிரில் ஒன்று, அறை வெப்பத்தில் ஒன்று. கேட்க எளிது. ஆனால் சூடேறும்போது ஹோல்டர் நகரும், சாம்பிள் லேசாக வளையும். இரண்டு படங்களும் நுணுக்கமாகப் பொருந்தாவிட்டால், கழித்த பிறகு விளிம்பெங்கும் பொய்யான புலம் முளைக்கும். புலத்தை இருபது படிகளில் ஏற்றும் ஆய்வில் ஒவ்வொரு படிக்கும் இந்தப் பொருத்தம் வேண்டும். போதாததற்கு, ஒப்பீட்டு அலைக்காகப் பக்கத்திலேயே வெற்றிடம் தேவை. அதனால் துண்டின் ஓரத்தை மட்டுமே பார்க்க முடியும். ஓரத்தில் சுழிகளின் நடத்தையே வேறு.

டிபிசி (DPC) என்ற மூன்றாவது வழியும் இருக்கிறது; கூர்மையான எலக்ட்ரான் கற்றையை சாம்பிள் மேல் ஓட்டி, அது எவ்வளவு விலகுகிறது என்று அளப்பது. நான் இரண்டே நாள் தொட்டதால் அதற்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சுழி ஒன்று மட்டும் அடங்கும் நானோ வட்டு என்றால் நானே ஹாலோகிராஃபிக்குப் போவேன். அங்கே சுற்றிலும் வெற்றிடம்தான், ஓரமே ஆய்வுப் பொருளும்கூட.