மதினியின் வாட்ஸ்அப், மகளின் ரீல்ஸ், என் வலைப்பூ: சுங்குடியை விற்றது எது?

துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிப் புள்ளி எடுக்கும் மதுரைச் சேலைதான் சுங்குடி. அதை விற்க எங்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், ஆளுக்கொரு வழி. மதினி கையில் வாட்ஸ்அப், அண்ணன் மகள் கையில் இன்ஸ்டாகிராம், என் கையில் வலைப்பூ. சரக்கு ஒன்று, விலை ஒன்று, பல நேரம் போட்டோகூட ஒன்றுதான். எந்த வழி எதற்கு உதவுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தோதான வீடு கிடைக்காது.

கடை என்று எதுவும் கிடையாது. மதுரை வில்லாபுரத்து வீட்டின் முன்னறையில் ஒரு பீரோ, ஒரு பாய், அவ்வளவுதான். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்களுக்குத் தெருவே விளம்பரம். மீனாட்சியைப் பார்க்க வந்த கூட்டம் அப்படியே கடைப்படி ஏறிவிடும். வீட்டிலிருந்து விற்பவர்களுக்கு அந்தத் தெருவே போனுக்குள்தான். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் தொடங்கியது, இன்றுவரை ஓடுகிறது.

முதலில் என் கதை. நான் வலைப்பூவைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் பழைய பாசம். 2003, 2004 வாக்கில் தமிழில் வலைப்பதிவுகள் முளைத்த காலத்தில், எல்லோருடைய பதிவுகளையும் ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டிய தமிழ்மணம் திரட்டியில் இன்று யார் என்ன எழுதினார்கள் என்று பார்ப்பதற்காகவே பிரவுசிங் சென்டருக்குக் காசு அழுதவன் நான். வலைப்பூ எழுத இடம் தரும் கூகுளின் பிளாக்கர் அப்போதும் இலவசம், இப்போதும் இலவசம். சொந்தமாக ஒரு முகவரி வாங்கினால் ஆண்டுதோறும் கொஞ்சம் காசு ஆகும். எழுதத்தானே வேண்டும், எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் முதல் பதிவு இப்படித் தொடங்கியது: “பாரம்பரியப் பெருமைமிகு மதுரை மாநகரின் அடையாளங்களுள் ஒன்றாகத் திகழும் சுங்குடி...” அடுத்த வாக்கியம், 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்தது, சௌராஷ்டிரச் சமூகத்தின் கைவண்ணம். எதுவும் பொய்யில்லை. ஆனால் கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்தவர் பேசுவது போல் இருந்தது. பதினைந்து பதிவு எழுதினேன். படித்தவர்களில் பாதிப் பேர் நானே. வேறு வேறு போனில் திறந்து பார்த்தேன்.

அந்த நேரத்தில் மதினி எதுவும் எழுதவில்லை. மதினிக்கு டைப் அடிக்கப் பொறுமை கிடையாது. யார் என்ன கேட்டாலும் மைக்கை அமுக்கிப் பேசி அனுப்பிவிடுவார். ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண், சாயம் போகுமா என்று கேட்டிருந்தார். மதினி சமையலறையில் நின்றபடியே அனுப்பிய பதில் இது:

“போகும்மா. மொதத் தண்ணிக்குக் கொஞ்சம் போகத்தான் செய்யும், போகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு பக்கெட்டுல ரெண்டு கை கல்லுப்ப அள்ளிப் போட்டு ஊற வச்சு, தனியா அலசுங்க. நெழல்ல காயப் போடுங்க. வீட்டுக்காரர் வெள்ள வேட்டியோட சேத்து ஊறப் போட்டுட்டு அப்புறம் என்னைய வையக் கூடாது.”

இரண்டு சேலை ஆர்டர் வந்தது. சாயம் போகும் என்று சொல்லியே விற்றுவிட்டார்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. சொந்தக் குரலைத் தேடி நான் பதினைந்து பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். அது அடுக்களையில் நின்று பேசிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி மதினியின் வாய்ஸ் மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, எழுத்தாக்கி, அங்கங்கே இலக்கணத்தை மட்டும் சரிசெய்து, “சுங்குடிச் சேலை சாயம் போகுமா?” என்று தலைப்பு வைத்துப் போட்டேன். பெருமைமிகு, திகழும் எல்லாம் போயே போச்சு. முதல் இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது மாதம் கூகுளில் தேடி ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். இன்றும் வருகிறார்கள். நான் கை வைக்காமலே உழைக்கிற ஒரே சமாசாரம் எங்கள் வியாபாரத்தில் அந்தப் பதிவுதான்.

வாட்ஸ்அப்: விற்கும், ஆனால் தேடி வராது

பணம் எங்கே வந்தது என்று மட்டும் கேட்டால் சந்தேகமே இல்லை, வாட்ஸ்அப்தான். கேள்வி, பதில், விலை, ஜிபே, கூரியர் ரசீது எல்லாம் ஒரே ஜன்னலில் முடிகிறது. 2018 தொடக்கத்தில் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் சேலைகளை விலையோடு கேட்டலாக் மாதிரி அடுக்கி வைக்கலாம், அதற்கும் காசில்லை.

தொந்தரவு எங்கே என்றால், புது ஆளுக்கு மதினி இருப்பதே தெரியாது. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்கலாம். அதிலும் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல், மதினி ஒரு பொங்கலுக்குப் புதுச் சரக்குப் படத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, யாருமே பதில் போடவில்லையே என்று இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார். பாதிப் பேருக்குப் போகவே இல்லை. இப்போது பார்சலுக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறோம்: “எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்.” குரூப் தொடங்கலாம், ஆனால் அதில் உள்ள எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும். பெண் வாடிக்கையாளர்கள் அதற்குத் தயங்குவது நியாயம். 2023இல் வந்த சேனல் வசதியில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அது ஒருவழிப் பாதை. எதிராளி திருப்பிக் கேள்வி கேட்க முடியாத இடத்தில் மதினிக்கு என்ன வேலை?

இன்னொன்று, பேசியதெல்லாம் காற்றோடு போய்விடும். அதே சாயக் கேள்விக்கு மதினி நூறு முறையாவது பதில் சொல்லியிருப்பார். பதிவு வந்த பிறகுதான் இணைப்பை அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறார்.

இன்ஸ்டாகிராம்: கூட்டம் வரும், கூடவே கூச்சலும்

2020 ஜூன் 29 அன்று டிக்டாக்குக்குத் தடை வந்தது. சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இங்கே இறக்கியது. அண்ணன் மகள் அழுத கண்ணீர் காய்வதற்குள் இங்கே குடியேறிவிட்டாள். அவள் எடுத்ததில் அதிகம் ஓடியது எதுவென்றால், சாயத்தில் முக்கிக் காய்ந்த துணியை இழுக்க இழுக்க முடிச்சுகள் அவிழ்ந்து உள்ளே புள்ளிகள் தெரியும் காட்சி. ஒரு வார்த்தை பேசவில்லை. துணியே பேசியது. இதை நான் ஆயிரம் சொல்லில் எழுதினாலும் அந்தப் பத்து விநாடிக்கு ஈடாகாது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ரீலைப் பார்த்தவர்களில் வாங்கியவர்கள் மிகக் குறைவு. கமென்ட் முழுக்க இதயமும் நெருப்பும். யாருடைய ரீல் என்பதும் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. பின்னணியில் ஓடியது ஊரெல்லாம் ஓடிய ஒரு சினிமாப் பாட்டு. சுங்குடியை எடுத்துவிட்டு வேறு எந்த ஊர்த் துணியை வைத்திருந்தாலும் அதே ரீல்தான்.

மாற்றம் ஒரு விபத்தில் வந்தது. யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்ற கணக்கு தெரியட்டும் என்று பிசினஸ் கணக்காக மாற்றினாள். சினிமாப் பாட்டெல்லாம் காணாமல் போய்விட்டது. வியாபாரக் கணக்குகளுக்கு உரிமம் பெற்ற பாட்டுகளை இன்ஸ்டாகிராம் பெரும்பாலும் தருவதில்லை. இரண்டு நாள் புலம்பினாள். அப்புறம் வேறு வழியில்லாமல் அவளே பேசினாள்: அச்சடித்த சுங்குடியையும் கைமுடிச்சுச் சுங்குடியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, “இதுல எல்லாப் புள்ளியும் அச்சு வார்த்த மாதிரி ஒண்ணா இருக்கு பாருங்க. இதுல ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, தடவிப் பாத்தா சுருக்கம் தட்டும், ஏன்னா ஒவ்வொண்ணையும் ஒரு அக்கா வெரலால கட்டியிருக்காங்க.” பார்த்தவர்கள் முன்பைவிடக் குறைவுதான். ஆனால் கேள்விகள் வந்தன. கேள்வி கேட்பவர்தான் வாங்குபவர்.

இன்ஸ்டாகிராமை அடித்துக்கொள்ள முடியாத நேரம் ஒன்று உண்டு, சித்திரைத் திருவிழா. அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்று மதுரையே காத்திருக்கும். பச்சை என்றால் அந்த வருடம் செழிப்பு என்பது நம்பிக்கை. அன்று காலை பச்சைச் சுங்குடி ஒன்றை விரித்துப் போட்டால் மத்தியானத்துக்குள் கேட்டு வருகிறார்கள். வலைப்பூவில் அன்றைக்கு எழுதி அன்றைக்கே எவரையும் பிடிக்க முடியாது.

ஒரு விஷயத்தில் அவளோடு எனக்கு இன்றும் சண்டை. விலை கேட்டால் “டிஎம் பண்ணுங்க”, அதாவது தனிச் செய்தியில் கேளுங்கள் என்று போடுவாள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது அவள் வாதம். விலையை மறைக்கிற கடையில் நான் செருப்பைக் கழற்ற மாட்டேன். மதினி என் கட்சி.

அப்புறம் அந்த இன்ஃப்ளூயன்சர் விவகாரம். ஒருவர் மூன்று சேலை இலவசமாக வேண்டும் என்றார், கொடுத்தோம். வீடியோவில் “நானே தேடிக் கண்டுபிடிச்ச கடை” என்றார். பொருளோ பணமோ வாங்கிக்கொண்டு பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தரக் குழு 2021இலும், மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலும் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கின்றன. எங்களுக்கு அது அப்போது தெரியாது. தெரிந்திருந்தால், கொடுத்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டிருப்போம். சேலை போனதைவிட, அந்த ஒரு வரிப் பொய் எங்கள் பெயரில் போனதுதான் மதினிக்கு உறுத்தல்.

ஃபேஸ்புக்கும் யூடியூபும்? ஃபேஸ்புக்கில் அண்ணனின் நண்பர்கள் “வாழ்த்துகள்” போடுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் சில தமிழர்கள் அங்கிருந்து வந்தார்கள் என்பதால் மூடாமல் வைத்திருக்கிறோம். யூடியூப் நல்ல இடம்தான். தேடினால் அகப்படும், வருடக்கணக்கில் நிற்கும், வீடியோ வடிவில் ஒரு வலைப்பூ என்றே சொல்லலாம். ஆனால் ஒரு வீடியோவை வெட்டி ஒட்டி முடிக்க எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடுகிறது.

வாடகை வீடும் சொந்த வீடும்

2021 அக்டோபர் 4 ராத்திரி நினைவிருக்கிறதா? ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாகப் படுத்துக்கொண்டன, கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம். மதினி போனை அணைத்து அணைத்துப் போட்டார், மகள் வைஃபையைத் திட்டினாள். மூன்றும் ஒரே முதலாளியுடையவை என்பது அன்றுதான் வீட்டில் எல்லோருக்கும் உறைத்தது. ஆறு மணி நேரம் பெரிய விஷயமில்லை. ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014இல் போனது, கூகுள் பிளஸ் 2019இல் போனது, அங்கே சேர்த்த ஆட்களும் அவற்றோடு போனார்கள். என் வலைப்பூ மட்டும் என்ன, அதுவும் கூகுளின் திண்ணைதான். ஆனால் எழுதியதை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், சொந்த முகவரி இருந்தால் வேறு இடத்துக்கு மாறினாலும் வாசகருக்குக் கதவு மாறாது. மாதம் ஒருமுறை இறக்கி வைக்கிறேன்.

இதையெல்லாம் வைத்து, எல்லோரும் வலைப்பூ தொடங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். மாட்டுத்தாவணியில் மல்லி விற்கும் ஒரு நண்பர் என்னிடம் யோசனை கேட்டார். அவருக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போதும் என்றேன். பூவுக்கும் ஒரு நாள் ஆயுள், ஸ்டேட்டஸுக்கும் இருபத்து நான்கு மணி நேரம். காலையில் கிலோ என்ன விலை என்று போட்டால் மாலைக்குள் கதை முடிந்தது. அடுத்த மாதம் அதை யார் தேடப் போகிறார்கள்? ஜிகர்தண்டா, பரோட்டா மாதிரி சாப்பாட்டுக் கடை என்றால் ரீல்ஸும், கூகுள் மேப்பில் சரியான இடமும் நேரமும் இருந்தாலே போதும். பசித்தவன் கட்டுரை படிக்க மாட்டான். விசாரித்து, யோசித்து, நம்பி வாங்க வேண்டிய பொருளுக்குத்தான் எழுத்து வேண்டும்: கைத்தறி, நகை, மருந்தெண்ணெய், பிள்ளைகளுக்கு டியூஷன், வீட்டுக்கு ஆசாரி. எங்கள் அனுபவத்தில் ரீலைப் பார்த்து வருபவர் முதலில் கேட்பது “கடைசி விலை என்ன?” பதிவைப் படித்துவிட்டு வருபவர் கேட்பது “அந்த அரக்கு நிறம் இருக்கா?” பின்னவர் எண்ணிக்கையில் கொஞ்சம்தான், ஆனால் பேரம் பேசியதே இல்லை.

ஒரே ஒருவர்தான், ஒரு மணி நேரம்தான் என்றால்? முதல் மூன்று மாதம் வாட்ஸ்அப் மட்டும். வருகிற கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள், உங்கள் பதிலையும் நீங்கள் சொன்ன மாதிரியே எழுதுங்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விதான் முதல் பதிவு. ரீல்ஸ் அதற்கப்புறம். இந்த வரிசையை நான் தலைகீழாகச் செய்து ஒரு வருடத்தை வீணாக்கினேன்.

போன ஆவணியில் மலேசியாவிலிருந்து ஓர் அம்மா மதினிக்கு அழைத்தார். சாயப் பதிவைப் படித்துவிட்டு எண்ணைப் பிடித்திருக்கிறார். இரண்டு வாக்கியம் பேசியதுமே, “அதை எழுதினது நீங்கதானே, அதே பேச்சு” என்றாராம். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோரும் கேட்டோம். பதிவின் அடியில் என் பெயர் இருந்தது. மதினி ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார்.

இப்போது அந்தப் பதிவில் மதினியின் பெயர் இருக்கிறது. எனக்குச் சேலையை விரித்துப் போட்டோ எடுக்கும் வேலை.