ஆர்1-ஆ, ஆர்4-ஆ? தோட்டாவை நிறுத்துப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்திய வம்சாவளித் தொண்டர்களுக்காக நடந்த ஜல்சேனா கடற்படைத் தளத்தில் பயிற்சி எடுத்தவர் எங்கள் மாமா. சாட்ஸ்வர்த் வீட்டில் பிராய் (வெளியில் இறைச்சி சுடும்) அடுப்பு மூட்டினால் போதும், பேச்சு துப்பாக்கிக்கு வந்துவிடும்: நம் ராணுவத்தின் பழைய ஆர்1 சிறந்ததா, அதன் பின் வந்த ஆர்4 சிறந்ததா? "ஆர்1 சுட்டா மரத்துக்குப் பின்னால நிக்கிறவனும் தப்ப மாட்டான்டா. உங்க ஆர்4 கொசுக்கடி" என்பார். நான் ஆர்4 கட்சி. விளையாட்டுச் சுடுதலுக்கு எனக்கென்று ஒன்று வாங்கும்போதும் .308 தோட்டாத் துப்பாக்கியை விட்டுவிட்டு .223-ஐத்தான் எடுத்தேன்; .308 அளவில் கிட்டத்தட்ட ஆர்1 தோட்டா, .223 ஆர்4 தோட்டா.

ஆர்1 என்பது பெல்ஜியத்தின் எஃப்ஏஎல் துப்பாக்கி. உரிமம் வாங்கி 1960-களில் இங்கேயே செய்தார்கள். தோட்டா 7.62×51 மி.மீ. (முதல் எண் குண்டின் குறுக்களவு, அடுத்தது உறையின் நீளம்). ஆர்4 இஸ்ரேலின் கலீல் துப்பாக்கியை நம் ஆட்களின் உயரத்துக்கேற்ப மாற்றியது. 1980-களின் தொடக்கத்தில் வந்தது, தோட்டா 5.56×45. தூரம் என்றால் 7.62தான், அதில் வாதமே இல்லை. தோளில் உதை குறைவு என்றால் 5.56. மணலும் தூசியும் என்றால் கலீல் வழிதான் நல்லது. எஃப்ஏஎல் பாலைவனத்தில் மக்கர் செய்ததால்தானே இஸ்ரேல் கலீலுக்கே போனது!

பலருக்குத் தெரியாதது ஒன்று: இரண்டு துப்பாக்கியும் ஏறக்குறைய ஒரே எடை, 4.3 கிலோ சுமார். அப்படியானால் மாற்றியதில் என்ன லாபம்? தோட்டாவில்தான். குண்டு, மருந்து, உறை எல்லாம் சேர்த்து 7.62 தோட்டா ஒன்று ஏறத்தாழ 24 கிராம், 5.56 ஒன்று 12. ஆர்1 மேகசினில் 20 தோட்டா, 480 கிராம். ஆர்4 மேகசினில் 35 தோட்டா, 420 கிராம்தான். கூட 15 தோட்டா, அதுவும் குறைந்த எடையில்! நமீபியாவின் வடக்கு எல்லைப் போரில் குடிதண்ணீரையும் முதுகில் சுமந்து நாள்கணக்காக நடந்த நம் சிப்பாய்க்கு இது சின்ன விஷயமில்லை. 2.4 கிலோவுக்கு அவனிடம் 100 தோட்டா இருக்க வேண்டுமா, 200 இருக்க வேண்டுமா? எதிரில் இருப்பவன் தலையைத் தூக்காமல் வைத்திருக்க எண்ணிக்கைதான் உதவும். லாரியில் ஏற்றுகிறவருக்கும் இதே கணக்குதான்.

ஆகவே ராணுவம் முதலில் தோட்டாவை முடிவு செய்கிறது, துப்பாக்கி அதன் பின்னால் வருகிறது. 1977-இல் ஐ.நா. ஆயுதத் தடை கட்டாயமான பிறகு நம் நாட்டுக்கு இன்னொரு கேள்வியும் சேர்ந்தது: அந்தத் தோட்டாவை இங்கேயே அடிக்க முடியுமா? பிரிட்டோரியா ஆலையில் இரண்டுமே அடித்தார்கள். அதனால் தடை இந்த இரண்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லவில்லை.

சரி, மாமா சொல்லும் மரம்? அடர்ந்த புதருக்குள் கனமான குண்டு கூடுதலாகத் துளைக்கும் என்பது நியாயம்தான். நான் சுட்டதெல்லாம் காகித இலக்கு; போர்க்களம் கண்டவர்கள் இங்கே என்னைத் திருத்தலாம். குடு (kudu) என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகிறவரும் என் பேச்சைக் கேட்காமல் .308 வாங்கிக்கொள்ளட்டும்.

ஆர்4-இல் எனக்கு உண்மையான குறை வேறு. குழலுக்குள் இருக்கும் சுருள் வரிதான் குண்டைச் சுழற்றி நேராக அனுப்புகிறது. ஆர்4-இல் அது 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பழைய 3.6 கிராம் குண்டுக்கு (தோட்டாவிலிருந்து பறக்கும் முனை மட்டும்) அது போதும். 1980-இல் நேட்டோ ஏற்றுக்கொண்ட 4 கிராம் குண்டு நீளமானது, அதில் தள்ளாடும். அமெரிக்கர்கள் இதற்காகவே தங்கள் எம்16 துப்பாக்கியில் 12 அங்குலத்தை 7 ஆக்கினார்கள். குழலை மாற்றாமல் புதுத் தோட்டாவுக்குப் போக வழியில்லை. கிடங்கு நிறையத் துப்பாக்கி வைத்திருக்கும் ராணுவத்துக்கு அது லேசான செலவா? கடையில் விலை கேட்பதற்கு முன்னால் நான் சுற்று எத்தனை அங்குலம் என்றுதான் கேட்டேன். 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள குழல் கிடைத்தது. இரண்டு வகைக் குண்டும் அதில் ஒழுங்காகப் போகிறது.