பெயருக்குக் கமிட்டி, வேலைக்கு ரெண்டு பேர்: சங்கங்கள் கையாளும் வழிகளில் எது உருப்படி?

"சார், உங்க பேரைப் போட்டுக்கிறோம். வேலையெல்லாம் ஒண்ணும் இருக்காது. மாசம் ஒரு மீட்டிங், அவ்வளவுதான்."

சென்னையில் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சங்கக் கமிட்டிக்கு ஆள் சேர்வது இப்படித்தான். ஏஜிஎம் எனும் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து மூன்று மாதம் ஆவதற்குள் செயலாளரும் பொருளாளரும் மட்டும் ஓடிக்கொண்டிருப்பார்கள். மீதி ஐந்தாறு பேர் மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்தோடு சரி. அவர்கள் மேல் கோபம் வருவது இயல்பு. ஆனால் வேலை இருக்காது என்று சொல்லிக் கூப்பிட்டது நாம்தான். அவர்கள் அந்த வார்த்தையை நம்பி வந்தவர்கள்.

வேலையோ வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது. லிஃப்ட் லைசென்ஸ், எஸ்டிபி எனும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பராமரிப்பு, ஜெனரேட்டர், செக்யூரிட்டி ஒப்பந்தம் எல்லாம் பழைய கதை. மாதப் பராமரிப்புத் தொகை ஒரு வீட்டுக்கு 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி கட்ட வேண்டும். பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்குப் பொது இடங்களுக்கான மின்கட்டணத்தை யூனிட்டுக்கு 8.15 ரூபாயிலிருந்து 5.50 ரூபாயாக 2023இல் அரசு குறைத்தது. அது நம் கட்டடத்துக்குப் பொருந்துமா என்று பார்க்கவாவது ஓர் ஆள் வேண்டும். 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வழி விட்டிருக்கிறது. முப்பது வருஷக் கட்டடங்களில் இப்போது அந்தப் பேச்சும் கமிட்டி மேஜைக்கு வந்துவிட்டது. இதெல்லாம் ரெண்டு பேர் சுமக்கிற சுமை இல்லை.

மற்றவர்களை உள்ளே கொண்டுவர சங்கங்கள் முயலும் வழிகள் சில உண்டு. எல்லாவற்றையும் ஒரே உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம். மே மாதம், போர்வெல் வற்றிவிட்டது, லாரித் தண்ணி வாங்கியாக வேண்டும். லாரிக்குச் சொல்வது யார்? ராத்திரி பதினோரு மணிக்கு வண்டி வந்தால் முழு லோடா என்று பார்த்து, சம்ப் எனும் தரையடித் தொட்டியில் இறக்குவது யார்? பில்லை எடுத்து வைப்பது யார்? "ஏன் தண்ணி கலங்கலா வருது" என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால் பதில் சொல்வது யார்? 2019 கோடையில் சென்னையில் குடியிருந்தவர்களுக்கு இந்தக் கேள்விகளின் கனம் தெரியும்.

பணம் கொடுத்தால்?

முதலில் எழும் யோசனை இதுதான். கமிட்டி உறுப்பினருக்கு மாதம் ஒரு மதிப்பூதியம், இல்லாவிட்டால் மெயின்டனன்ஸில் பாதி தள்ளுபடி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நேரம் கொடுக்கிறவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டாமா?

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காரணம், பணம் வந்ததும் மற்ற வீட்டுக்காரர்களின் பார்வை மாறிவிடுகிறது. நேற்று வரை "பாவம், மனுஷன் ஓடுறார்" என்றவர்கள் "சம்பளம் வாங்குறார்ல, கேளுங்க" என்பார்கள். லாரித் தண்ணி உதாரணத்தில், ராத்திரி விழித்திருக்கும் உறுப்பினர் அண்டை வீட்டுக்காரராக இல்லாமல் குறைந்த கூலிக்கு வந்த வேலையாளாக ஆகிவிடுகிறார். தொகையும் எப்போதும் அற்பமாகத்தான் இருக்கும். அந்த உழைப்பைச் சந்தை விலைக்கு வாங்க எந்தச் சங்கத்தாலும் முடியாது.

இது வெறும் ஊகமும் இல்லை. சுவிட்சர்லாந்தில் வொல்ஃபென்ஷீசென் என்ற கிராமத்தில், 1993இல் புருனோ ஃபிரே, ஃபீலிக்ஸ் ஓபர்ஹோல்ட்ஸர்-கீ என்ற பொருளியலாளர்கள் ஊராரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். உங்கள் ஊரில் அணுக்கழிவைப் புதைக்கலாமா? பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் சரி என்றார்கள். அதற்கு ஆண்டுதோறும் இழப்பீடு தருகிறோம் என்று சேர்த்துக் கேட்டபோது, சரி என்றவர்கள் நாலில் ஒருவராகக் குறைந்தார்கள். ஊருக்காகச் செய்கிறோம் என்ற எண்ணத்தைப் பணம் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். சங்க வேலைக்காக ஆட்டோவில் போனது, ஜெராக்ஸ் எடுத்தது, வந்த மெக்கானிக்குக் கையிலிருந்து கொடுத்தது எல்லாம் வவுச்சர் போட்டு அந்த வாரமே திரும்பத் தரப்பட வேண்டும். இது ஊதியம் இல்லை, கடன். இதைத் தராமல் இழுத்தடித்தே நல்ல ஆட்களைத் துரத்திய சங்கங்கள் உண்டு.

பராமரிப்பை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்தும் ஃபெசிலிட்டி நிறுவனத்திடம் விட்டால்?

முந்நூறு, நானூறு வீடுகள் உள்ள ஓ.எம்.ஆர் பக்கத்து வளாகங்களில் இது கிட்டத்தட்டக் கட்டாயம். எஸ்டிபியை ஓட்டுவது, லிஃப்டின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் வராத நாளுக்கு மாற்று ஏற்பாடு, இவற்றை வேலைக்குப் போகிற ஒருவர் மாலை நேரத்தில் கவனிக்க முடியாது. தண்ணி லாரி வந்தால் இறக்க ஆள் இருக்கிறது, பதிவேட்டில் எழுதவும் ஆள் இருக்கிறது. அந்த வகையில் உரைகல்லில் தேறிவிடுகிறது.

ஆனால் உறுப்பினர்களை இது உள்ளே கொண்டுவருகிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இன்னும் தள்ளித்தான் வைக்கிறது. "அதான் மேனேஜர் இருக்காரே" என்பது விலகி நிற்க வசதியான வாக்கியம். லாரி எண்ணிக்கையைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவும், மாதாந்திர பில்லைக் கேள்வி கேட்கவும் உரிமையாளர் ஒருவர் இல்லை என்றால், பணம் எங்கே கசிகிறது என்று யாருக்கும் தெரியாது. மேனேஜர் கமிட்டியின் கைகளாக இருக்கலாம், கண்களாக இருக்க முடியாது. பெரிய வளாகத்துக்கு இது தேவை, ஆனால் இது மட்டும் போதாது என்பது என் முடிவு.

முறை வைத்தால்?

எட்டு, பத்து வீடுகள் உள்ள மயிலாப்பூர், நங்கநல்லூர் மாதிரி இடங்களில் இது அழகாக நடக்கிறது. இந்த வருஷம் முதல் மாடி, அடுத்த வருஷம் இரண்டாம் மாடி. எல்லாரும் ஒருமுறை செயலாளராக இருந்துவிட்டால் குறை சொல்கிறவர்களின் குரல் தானாகத் தணியும். சம்ப் கழுவ ஆள் தேடிய அனுபவம் உள்ளவர், அடுத்தவரைத் திட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிப்பார்.

பெரிய சங்கங்களில் இதே முறை தடுமாறும். கமிட்டி மாறினால் பதிவாளர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வங்கியில் கையெழுத்து மாற்ற வேண்டும், தீர்மான நகல், கேஒய்சி என்று புதியவர்களின் முதல் ரெண்டு மாதம் அதிலேயே போகும். தண்ணி லாரிக்காரருக்குச் செக் போட முடியாமல் நிற்கும் பொருளாளரை நினைத்துப் பாருங்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் செயற்குழுவின் பதவிக்காலத்துக்கு மூன்று வருஷம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த மூன்று வருஷத்தைப் பயன்படுத்தி, ஒவ்வொரு வருஷமும் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் மட்டும் மாறுவது போலச் சங்கத்தின் துணை விதியில் (பைலா) எழுதிக்கொண்டால், பழையவர்களிடம் புதியவர்கள் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கும்.

மூன்று கூட்டத்துக்கு வராதவரை நீக்குவது, அபராதம் போடுவது என்ற யோசனைகளும் உண்டு. நீக்கும் விதி துணை விதியில் இருக்கட்டும், காலி இடத்தை நிரப்ப உதவும். அபராதம் வேண்டாம். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்தபோது தாமதம் கூடியது. அபராதத்தை எடுத்த பிறகும் அது குறையவில்லை. காசு கட்டினால் சரியாகிவிடும் என்று ஆனதும் கூச்சம் போய்விடுகிறது.

ஏஜிஎம்மில் பொன்னாடை போர்த்துவது நல்ல பழக்கம். அதனால் யாரும் மறுநாள் மோட்டார் ரூமுக்கு வந்ததில்லை.

வேலையைத் துண்டு போட்டால்?

நான் பெரிதும் நம்புவது இதைத்தான். "கமிட்டி உறுப்பினர்" என்ற மொட்டைப் பதவியை விட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் பெயர் வைத்த ஒரு வேலை. தண்ணீர் ஒருவருக்கு, லிஃப்டும் ஜெனரேட்டரும் ஒருவருக்கு, செக்யூரிட்டி ஒருவருக்கு, கணக்கும் ஜிஎஸ்டியும் ஒருவருக்கு. அதோடு ரெண்டு விஷயம் சேர வேண்டும். ஒன்று, கேட்காமல் செலவு செய்ய ஒரு வரம்பு, உதாரணமாக ஐயாயிரம் ரூபாய் வரை. இன்னொன்று, அந்த வேலை எப்போது முடிந்ததாகக் கொள்ளலாம் என்பதற்கு ஒரு தேதி.

செலவு வரம்பைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். என் பார்வையில் முக்கியமே அதுதான். பொறுப்பைக் கொடுத்துவிட்டு, ஒரு வால்வு வாங்குவதற்கும் செயலாளரிடம் அனுமதி கேட்கச் சொன்னால், எப்படிப்பட்ட ஆர்வமும் ரெண்டு வாரத்தில் வடிந்துவிடும். தண்ணீர்ப் பொறுப்பில் இருப்பவர் மே மாத ராத்திரியில் தானே லாரிக்குச் சொல்லி, தானே பில்லைப் பொருளாளருக்கு அனுப்ப முடிய வேண்டும். உறுப்பினர்கள் சோம்பேறிகள் என்று செயலாளர்கள் புலம்பும் சில இடங்களில், எல்லாச் சாவியும் செயலாளர் இடுப்பிலேயே தொங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நடந்ததை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். மீட்டிங் பக்கமே தலைகாட்டாதவர்கள், பேஸ்மென்ட் தண்ணியை இறைக்க மோட்டார் பிடித்து வந்தார்கள், மேல்மாடி வரை பால் பாக்கெட் தூக்கிப் போனார்கள். அன்று வேலை கண் முன்னால் இருந்தது, அதைச் செய்ய யாரும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை.

இந்த முறைக்கும் பலவீனம் உண்டு. பொறுப்பெடுத்தவர் வெளியூர் போனால் வேலை நின்றுவிடும், அதனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துணை ஆள் வேண்டும். அவர் கமிட்டியில் இருக்க வேண்டும் என்பதில்லை. வாடகைக்கு இருப்பவர், பணி ஓய்வு பெற்ற பெரியவர், கல்லூரிப் பிள்ளை யாராகவும் இருக்கலாம். பல சங்கங்கள் வாடகைக்காரர்களைக் கிட்டவே சேர்ப்பதில்லை. அதே தண்ணியைத்தானே அவர்களும் குடிக்கிறார்கள்.

எந்த வழியை எடுத்தாலும் வாட்ஸ்அப் குரூப்பைச் சரிசெய்யாவிட்டால் பலன் இல்லை. நல்ல ஆட்கள் ஒதுங்குவதற்கு நேரமின்மையைவிடப் பெரிய காரணம் அவமானம். தன் பிள்ளைகளும் பார்க்கும் குரூப்பில், காலை ஆறு மணிக்கு "கமிட்டி என்ன புடுங்குது" என்று ஒருவர் எழுதினால் யார்தான் நிற்பார்கள்? புகார் எழுத மைகேட் மாதிரி ஒரு செயலியோ, வாட்ச்மேனிடம் ஒரு நோட்டோ இருக்கட்டும். குரூப்பில் அறிவிப்பு மட்டும். மரியாதை தாண்டிப் பேசுபவரிடம், திட்டு வாங்கியவரைப் பேச விடாமல் தலைவர் போய்ப் பேச வேண்டும். தலைவர் பதவிக்கு இதைவிடப் பெரிய வேலை கிடையாது.

ஆக, பத்து வீட்டுக்கு முறை வைப்பதே போதும். நாற்பதிலிருந்து நூறு வீடு வரை வேலையைத் துண்டு போடுவதுதான் சரி. அதற்கு மேல் போனால் ஃபெசிலிட்டி நிறுவனமும் வேண்டும், அதன் ஒவ்வொரு பிரிவையும் பார்க்க ஓர் உறுப்பினரும் வேண்டும். அடுத்த ஏஜிஎம் நோட்டீஸில் பதவிகளின் பெயருக்குப் பக்கத்தில், அந்த வேலை என்ன, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும், எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று எழுதி ஒட்டுங்கள். வேலை இருக்காது என்று சொல்லி யாரையும் கூப்பிடாதீர்கள். "சனிக்கிழமை ரெண்டு மணி நேரம், தண்ணீர்ப் பொறுப்பு, ஒரு வருஷம், முடியுமா மேடம்?" என்று கேளுங்கள். சிலர் முடியாது என்பார்கள். முடியும் என்று சொல்கிறவர் தெரிந்தே வருவார்.