கல்லடியில் கதிரை யோகா: நாரி நோவோடு போகிறவர்களுக்கு

நாரி நோ, முழங்கால் நோ, தோள் பிடிப்பு என்று வருசக்கணக்கில் இழுபடுகிறவர்களுக்கு மட்டக்களப்பில் நான் துணிந்து சொல்லக்கூடிய ஒரு வகுப்பு இருக்கிறது. கல்லடியில், கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கை ஒன்றில், ரீச்சர் தன் வீட்டு விறாந்தையிலேயே நடத்துகிறார். பெயர்ப்பலகை கிடையாது. ஒருவர் சொல்லி ஒருவராகத்தான் ஆட்கள் வருகிறார்கள்.

நான் ஆரையம்பதியில் தையல் வேலை செய்கிறேன். சாறி பிளவுஸ், பள்ளிக்கூட யூனிபோம் என்று காலையில் மெசினுக்கு முன்னால் குனிந்தால் பின்னேரம்தான் நிமிர்வேன். இடுப்பில் முள்ளந்தண்டுத் தட்டு ஒன்று கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆப்பரேஷன் செய்யும் அளவுக்கு இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை போட்டால் வயிறு எரியும், போடாவிட்டால் வேலை நடக்காது. இதற்கு முன் வேறொரு யோகா வகுப்புக்கும் போனேன். அங்கே காலை நீட்டிக் குனியச் சொல்லி, முதுகில் கை வைத்து அமத்தினார்கள். பிறகு கிழமைக்கணக்கில் கட்டிலை விட்டு எழும்புவதற்கே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

அதனால்தான் இங்கே முதல் நாள் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அன்றைக்கு ஆசனம் எதுவும் இல்லை. ரீச்சர் கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார், அதைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிரஷர் இருக்கிறதா, எலும்பு மெலிந்திருக்கிறது என்று யாராவது சொன்னார்களா, கண்ணில் அழுத்தம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனியக் கூடாது, கண் அழுத்தம் உள்ளவர்கள் தலையைக் கீழே போடக் கூடாது என்று காரணமும் சொன்னார். அப்புறம் கால் பலம் குறைகிறதா, தொடை இடுக்கு மரத்துப் போகிறதா, மூத்திரம் அடக்க முடியாமல் போகிறதா என்று கேட்டார். "அப்பிடி ஏதும் வந்தா இஞ்ச வரப்படா தங்கச்சி, நேரா ஆசுபத்திரிக்குப் போகணும்." இப்படிக் கேட்கத் தெரிந்த ஒருவரிடம்தான் நோவுள்ள உடம்பை நம்பி ஒப்படைக்கலாம்.

வகுப்பில் பாவிப்பது இரும்பு மடக்குக் கதிரை. கலியாண வீட்டுப் பிளாஸ்ரிக் கதிரை பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் காலை விரிக்கும் என்று அதைத் தொடவே விடமாட்டார். கதிரைக்குக் கீழே வழுக்காத ரப்பர் விரிப்பு. இழுக்கும் பட்டி பழைய சாறியை மடித்துத் தைத்தது. ஓரம் இரட்டைத் தையல், எவ்வளவு இழுத்தாலும் பிரியாது. கதிரை, பட்டி, கட்டை எல்லாம் வைத்துச் செய்கிற முறையைப் பெரிதாக வளர்த்தவர் 2014 இல் காலமான பி.கே.எஸ். ஐயங்கார். ஆனால் ரீச்சர் பெயர்களைச் சொல்லி நேரத்தைப் போக்குவதில்லை.

எனக்கு மிகவும் உதவியது இரண்டு. ஒன்று, கதிரை நுனியில் இருந்து, கையை முழங்காலில் வைத்து, மூச்சை இழுக்கும்போது நெஞ்சை முன்னால் கொண்டுவந்து, விடும்போது முதுகை மெல்ல வளைப்பது. இதை நான் இப்போது மெசினுக்கு முன்னாலேயே செய்கிறேன். மற்றது, தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கெண்டைக்காலையும் கதிரையின் மேல் போட்டுக்கொண்டு, மூச்சை உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவதை நீளமாக்குவது. சில நிமிடத்தில் நாரி தானாகத் தரையோடு படியும். நாள் முழுக்க இறுகிக் கிடந்த இடம் இளகுவது அப்படியே தெரியும்.

ரீச்சரின் ஒரு சட்டம் முக்கியம். சுழியத்திலிருந்து பத்து வரை நோவுக்கு இலக்கம் சொல்ல வேண்டும். செய்யும்போது ஐந்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். அடுத்த நாளும் கூடுதலாக நொந்தால் அடுத்த முறை பாதிதான். "நொந்தாத்தான் சுகம் வரும்" என்ற பேச்சு அங்கே இல்லை.

காத்தான்குடியிலிருந்து ஒரு ராத்தாவும் வருகிறார், முழங்கால் நோவுக்கு. மந்திரம் சொல்லக் கட்டாயம் இல்லை. முடிவில் வாயை மூடி "ம்ம்" என்று மூச்சை விடுவதோடு சரி. ராத்தா கதிரையை விட்டு இறங்குவதே இல்லை, நிற்கும் ஆசனத்தைக்கூட இருந்தபடியே செய்ய ரீச்சர் அவருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கிறார்.

நோ போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. மழைக்காலத்தில் இன்னும் பிடிக்கும். ஆனால் இரவில் புரண்டு படுக்க முடிகிறது, மாத்திரை முன்னைப் போல் தினமும் இல்லை, அதுவும் டொக்டரிடம் சொல்லித்தான் குறைத்தேன். 2017 இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டலில், நாட்பட்ட நாரி நோவுக்கு மாத்திரைக்கு முதலில் செய்து பார்க்க வேண்டியவற்றில் யோகாவும் இருக்கிறது. மகள் தேடிக் காட்டினாள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற நோவைத்தான் நாட்பட்டது என்பார்கள். நேற்றுச் சுளுக்கியதற்கு இது இல்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். விறாந்தைக்கு ஏறும் படியில் பிடிக்கக் கம்பி இல்லை. முழங்கால் நோவுக்காரர் வரும் இடத்துக்கு அது முதலில் வேண்டியது, நானும் கேட்டிருக்கிறேன். சித்திரை வெயிலில் ஒரு மின்விசிறி போதாது. கரண்ட் போனால் இருக்கவே முடியாது. மற்றது, ஆண்களுக்கு வகுப்பு இல்லை. வாவியில் வலை இழுத்து நாரி விட்டுப்போன எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இப்படி ஒரு இடம் வேண்டும்.

மாதக் காசு 2,500 ரூபாய். முடியாதவர்களிடம் அவர் கறாராக நிற்பதில்லை. கல்முனை வீதி பஸ்ஸில் வருகிறவர்கள் கல்லடியில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். நடக்க முடியாதவர்கள் ஓட்டோ பிடிப்பது நல்லது. கடைசியாகச் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது ஆகியிருக்க வேண்டும், சாறியை விடச் சல்வார் வசதி. கிளினிக் கொப்பி இல்லாமல் போனால் அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்.