இரவல் கருவி எங்கே இருக்க வேண்டும்: ஊரிலா, நகரத்திலா, ஆளின் கையிலா?

சுற்றாடல் பிரச்சினைக்காக நிற்கும் ஊர்ச் சங்கங்களுக்கு உதவ வருகிறவர்கள் "என்ன கருவி வேண்டும்?" என்றுதான் கேட்கிறார்கள். அது யார் பொறுப்பில், எந்த ஊரில் இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. திருகோணமலையில் அதுதான் முக்கியமான கேள்வி. புல்மோட்டை நகரத்திலிருந்து வடக்கே 50 கிலோமீற்றருக்கு மேல். மூதூர் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பயணம் எவ்வளவோ சுலபம்தான். ஆனாலும் ஓர் அளக்கும் கருவியை எடுத்துவர ஒரு நாள் கூலியை விடுவதற்கு யாரும் தயாரில்லை.

நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொரு சங்கத்துக்கும் கருவியைக் கொடுத்துவிடலாம். நகரத்தில் ஓர் அலுமாரியில் வைத்து இரவல் கொடுக்கலாம். அல்லது பழகிய ஒருவர் கருவியோடு ஊர் ஊராகப் போகலாம்.

நகரத்து அலுமாரி கணக்குப் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கும்: ஒரு கருவி, பத்துச் சங்கம். ஆனால் தண்ணீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பீ.எச். மீற்றரை எடுத்துக்கொள்வோம். அதன் முனையில் இருக்கும் கண்ணாடிக் குமிழ் காயக்கூடாது. அதற்கென்று உள்ள உப்புக் கரைசலில் நனைந்தே இருக்க வேண்டும். நல்லது செய்வதாக நினைத்து வடித்த நீரில் ஊறவைத்தால் அதுவும் கெட்டுப்போகும். அளக்கப் போகுமுன் பீ.எச். 7, 4 என்று அளவு தெரிந்த இரண்டு கரைசல்களில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அலுமாரியில் மாதக்கணக்கில் கிடந்த மீற்றரும் திரையில் ஓர் எண்ணைக் காட்டத்தான் செய்யும். அந்த எண்ணை நம்பி ஒரு தொழிற்சாலையோடு சண்டைக்குப் போனால், எதிர்த்தரப்பின் முதல் கேள்வியிலேயே சங்கம் வாயடைத்து நிற்கும்.

கிணற்று நீரின் உப்பைக் காட்டும் மீற்றர் கதை வேறு. சட்டைப்பைக்குள் அடங்கும், விலை குறைவு, பழுதாவதும் அரிது. நிலாவெளி, குச்சவெளிக் கரையோரக் கிணறுகளை ஒரு தடவை அளந்து பயனில்லை. மாரியில் ஒரு எண், கச்சான் காலத்தில் இன்னொரு எண் என்று ஒரே கிணற்றை வருடக்கணக்கில் எழுதிவைத்தால்தான் மாற்றம் தெரியும். ஆகவே இதை இரவல் கொடுக்காதீர்கள், கொடுத்தே விடுங்கள். ஒரு கொப்பியும் பேனாவும் சேர்த்து.

காற்றில் தூசி அளக்கும் மலிவான கருவிகளுக்கு மூன்றாவது வழிதான் சரி. லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்து அவை தூசியைக் கணக்கிடுகின்றன. ஈரப்பதம் ஏறினால் பனித்துளியையும் தூசிக் கணக்கில் சேர்த்துவிடும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடற்கரையில் கருவி காட்டும் வாசிப்பு ஏறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அது தெரிந்த ஆள் கூடவே போக வேண்டும். செலவு கூடத்தான், ஆனால் ஆளுக்குக் கொடுக்கும் சம்பளத்தை வீண்செலவு என்று எழுதும் கொடையாளிகளோடு எனக்கு உடன்பாடில்லை.

ட்ரோன் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கடற்படைத் தளமும் சீனக்குடா விமானப்படைத் தளமும் உள்ள இடத்தில் அனுமதியில்லாமல் அதைப் பறக்கவிட்டால், மாசை விட்டுவிட்டுச் சங்கத்தைத்தான் விசாரிப்பார்கள்.

மணல் அகழ்வைப் படம் எடுக்கக் கெமரா இரவல் கேட்கிறார்கள். இடத்தைப் பதியும் வசதியை இயக்கிவைத்தால், கையில் உள்ள ஃபோனே இடத்தையும் நேரத்தையும் படத்தோடு பதிந்துவிடும். அதைவிட, இரவல் கொப்பியில் யாருடைய பெயர் எழுதப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். மகாவலிக் கரையில் சட்டவிரோத மணல் ஏற்றுகிறவர்கள் விளையாட்டுப் பிள்ளைகள் அல்லர். தனி ஆளின் பெயர் வேண்டாம், சங்கத்தின் பெயர் போதும்.

இன்னொன்று, கருவிப் பட்டியல்களில் வராதது: காகித வேலை. மூதூர்ப் பக்கம் சம்பூரில் 500 மெகாவோற் நிலக்கரி மின்நிலையம் வராமல் போனதற்குப் பின்னால் மக்களின் எதிர்ப்பும் ஒரு வழக்கும் இருந்தன. திட்டத்தைக் கைவிடுவதாக 2016 செப்டெம்பரில் உயர் நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. ஒரு திட்டம் சுற்றாடலை எப்படிப் பாதிக்கும் என்று சொல்லும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள்தான் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆகவே ஒரு ஸ்கேனர், போட்டோக் கொப்பிச் செலவு, ஆங்கில அறிக்கையைத் தமிழில் வாசித்துச் சொல்ல ஓர் ஆள் ஆகியவற்றை இரவல் கொடுக்க முடிந்தால் மீற்றர்களுக்கு முன்னால் அதைச் செய்யலாம். அப்புறம் ஆய்வுகூடக் கட்டணம். கிருமிச் சோதனைக்கான தண்ணீர் ஐஸ் பெட்டியில் அன்றைக்கே போய்ச் சேர வேண்டும், அதற்கு ஓட்டோக் காசும் வேண்டும்.

எந்த வழியானாலும் முற்பணம் கேட்காதீர்கள். கேட்டால் பதிவும் வங்கிக் கணக்கும் உள்ள பெரிய சங்கங்களே வாங்கும். கரைவலைக்காரர்களும் மாதர் சங்கங்களும் ஒதுங்கிவிடும். கருவி கடலில் விழுந்தால் யார் பொறுப்பு, எடுத்த வாசிப்பு யாருக்குச் சொந்தம் என்ற இரண்டையும் கொடுக்கும் அன்றே தமிழில் எழுதிக் கையொப்பம் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது கொடுத்தவருடையது, இரண்டாவது ஊருடையது.