அல்சூர் மாடிக்கடையில் முதல் ஆல்பங்களின் வழக்கு

பெங்களூரு அல்சூரில் சோமேசுவரர் கோயிலை ஒட்டிய தெருக்களில் ஒன்றில், தையற்கடைக்கு மேலே முதல் மாடியில் இயங்கும் இசைத்தட்டுக் கடை ஒன்றுக்கு மாதம் இரண்டு முறையாவது போய்வருகிறேன். பெயரைப் போட்டு எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். கூட்டம் சேர்ந்தால் உட்கார வைக்க நாற்காலி இல்லை என்பது அவர் சொன்ன காரணம். மெட்ரோவில் வந்து இறங்கி, கோயில் பக்கமாக நடந்து, ரெக்கார்டுக் கடை எங்கே என்று தமிழிலோ கன்னடத்திலோ கேட்டால் அந்தத் தெருவில் எவரும் மாடிப்படியைக் காட்டிவிடுவார்கள்.

அறை பன்னிரண்டு அடிக்குப் பதினைந்து அடிதான் இருக்கும். இரண்டு சுவர்களில் தமிழ், இந்தித் திரைப்படத் தட்டுகளும் கர்நாடக இசையும் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது சன்னலோரம் தனியாக நிற்கும் ஒற்றை அலமாரியைப் பற்றி. ராக் இசைக் குழுக்களின் முதல் ஆல்பங்களை மட்டுமே அதில் வைத்திருக்கிறார். ஏறத்தாழ எழுபது தட்டுகள். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை நான்கு மணிக்கு இரண்டு தட்டுகளை முழுமையாக ஓடவிட்டு, இரண்டில் எது பெரியது என்று வந்தவர்களை வாதாட விடுகிறார். கட்டணம் 150 ரூபாய். அதில் ஒரு காபியும் அடக்கம். அன்றைக்கே ஏதாவது வாங்கினால் அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்கிறார்.

வாதத்துக்கு அவர் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். “அப்புறம் அவங்க என்ன ஆனாங்கங்கறது கணக்குல வராது, தம்பி. தட்டுல இருக்கறத மட்டும் பேசுங்க.” எளிமையாகத் தோன்றும் இந்த விதி, பொதுவாக இந்த விவாதத்தில் அடிபடும் பாதிப் பெயர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. 2011-இல் அரண்மனை மைதானத்தில் மெட்டாலிக்காவை நேரில் பார்த்த வங்கி ஊழியர் ஒருவர் அந்தக் குழுவின் 1983-ஆம் ஆண்டு முதல் ஆல்பத்துக்காக வாதாட வந்தார். அரைமணி நேரம் அவர் பேசியதில் பெரும்பகுதி அன்றைய மைதானத்தைப் பற்றியதாகவும், மூன்றாவது ஆல்பத்தைப் பற்றியதாகவும் இருந்ததால், அவருடைய வாக்கு செல்லாத வாக்காயிற்று. விற்பனைக் கணக்கும் இங்கே எடுபடாது. கன்ஸ் அண்ட் ரோசஸின் 1987-ஆம் ஆண்டுத் தட்டு உலகெங்கும் ஏறத்தாழ 3 கோடிப் பிரதிகள் விற்றது என்று ஒருவர் தொடங்கியபோது, உரிமையாளர் எழுந்து காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கடையின் உண்மையான சிறப்பு வேறொன்று. ஒவ்வொரு தட்டின் உறைக்குள்ளும், அது எந்த நாட்டில், எந்த ஆண்டில் அச்சானது என்று பென்சிலால் எழுதிய சிறு அட்டை ஒன்றைச் செருகிவைத்திருக்கிறார். முதலில் இதை ஒரு சேகரிப்பாளரின் கிறுக்கு என்றுதான் நினைத்தேன். நாலைந்து சனிக்கிழமைகளுக்குப் பிறகுதான், எது தலைசிறந்த முதல் ஆல்பம் என்ற வழக்கே அந்த அட்டையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது விளங்கியது.

ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 1967-ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். மே மாதம் பிரிட்டனில் வெளியான தட்டில் ‘பர்ப்பிள் ஹேஸ்’ கிடையாது. தனிப்பாடலாக ஏற்கெனவே விற்றதை ஆல்பத்தில் சேர்ப்பதை அப்போது அங்கே பெரும்பாலும் தவிர்த்தார்கள். ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியான தட்டு அந்தப் பாடலோடுதான் தொடங்குகிறது. ஆனால் ‘ரெட் ஹவுஸ்’ என்ற அருமையான ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைமரபு) பாடலும் வேறு இரண்டும் அதிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. உறைப் படமும் வேறு. ஆக, இந்த ஆல்பத்தைப் பற்றி ஒரே மேசையில் வாதாடும் இருவர் இரண்டு வெவ்வேறு தட்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கக்கூடும். பீட்டில்ஸ் விஷயத்தில் சிக்கல் இன்னும் பெரிது. 1963 மார்ச்சில் பிரிட்டனில் வந்த முதல் ஆல்பம் அதே வடிவில் அன்றைய அமெரிக்காவுக்குப் போகவே இல்லை. அங்கே 1964 சனவரியில் இரண்டு நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு பாடல்களோடு ஆளுக்கொரு ‘முதல்’ ஆல்பத்தை விற்றன.

பீட்டில்ஸ் தட்டை இந்தக் கடையில் கேட்டது எனக்கு மறக்காது. 1963 பிப்ரவரி 11 அன்று, ஒரே நாளில், அதிலுள்ள 14 பாடல்களில் 10 பாடல்கள் பதிவாகின. அன்றைய ஒலிப்பதிவுக் கருவியில் இருந்தவை இரண்டே தடங்கள் என்பதால், ஸ்டீரியோ பதிப்பில் குரல்கள் ஒருபக்கமும் வாத்தியங்கள் மறுபக்கமும் போய் உட்கார்ந்துகொள்கின்றன. உரிமையாளர் ஆம்ப்ளிஃபயரின் பேலன்ஸ் குமிழை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பியபோது கித்தாரும் டிரம்ஸும் தேய்ந்து மறைந்து, பாடகர் ஜான் லெனனின் குரல் மட்டும் வெறுமையாக நின்றது. இரவு கடைசியாகப் பதிவான ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ அது. சளி பிடித்த தொண்டையை அந்த ஒரு பாடலுக்காகவே கடைசிவரை மிச்சம் வைத்திருந்தார்கள். இரண்டாம் முறை பாட முயன்றபோது குரல் எழவில்லை. கரகரப்பின் ஒவ்வொரு இழையும் தனியாகக் கேட்டது. குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து பெட்டியை அணைத்த பிறகும் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

லெட் செப்லினின் 1969-ஆம் ஆண்டுத் தட்டுக்கு இந்தக் கடையில் ஆதரவு அதிகம். எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் ஆவதற்கு முன்பே, கித்தார் கலைஞர் ஜிம்மி பேஜும் மேலாளர் பீட்டர் கிராண்டும் சொந்தப் பணத்தைப் போட்டு, லண்டனில் மொத்தமாக 36 மணி நேரத்தில் முடித்த ஆல்பம் அது. இரண்டாம் பக்கத்தில் வரும் ‘பிளாக் மவுண்டன் சைடு’ என்ற வாத்தியப் பாடலில் தபலா வாசித்திருப்பவர் வீரம் ஜசானி. மிருதங்கம் கற்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி இதைக் கேட்டதும், “அங்கிள், முள்ளைத் தூக்கி அதே இடத்தில் மறுபடி வையுங்கள்” என்று மூன்று முறை கேட்டு வாங்கினாள். என் தயக்கம் வேறு. பேஜ் அதற்கு முன் பல ஆண்டுகள் பிறர் தட்டுகளுக்கு வாசித்துக் கூலி வாங்கியவர். யார்ட்பேர்ட்ஸ் குழுவில் இருந்தவர். ஆல்பத்தின் இரண்டு பாடல்கள் ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் எழுதியவை. ‘டேஸ்டு அண்ட் கன்ஃபியூஸ்டு’ ஜேக் ஹோம்ஸ் என்பவரின் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. ஒலி பிரம்மாண்டமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது அனுபவசாலி ஒருவர் திறந்த இரண்டாவது கடையைப் போல இருக்கிறதே தவிர, முதல் கடைத் திறப்பு போல இல்லை.

டோர்ஸ் குழுவின் 1967-ஆம் ஆண்டுத் தட்டுக்கு இந்த அறை நியாயம் செய்யவில்லை. அந்தக் குழுவில் பேஸ் கித்தார் கலைஞர் கிடையாது. ரே மன்சாரெக் இடக்கையால் ஒரு சிறிய கீபோர்டில் அந்தப் பகுதியை வாசித்தார், சில பாடல்களுக்கு மட்டும் ஒலிப்பதிவு அறையில் வெளியாள் ஒருவர் பேஸ் வாசித்தார். அந்த இடக்கையைக் கூர்ந்து கேட்பதுதான் இந்தத் தட்டின் சுகம். கடையின் இடப்பக்க ஸ்பீக்கர் தாழ்ந்த சுரங்களில் அதிர்ந்து உறுமுவதால் அது முழுக்கக் குழம்பிவிடுகிறது. பல முறை சொல்லியும் சரிசெய்யவில்லை. ஆனாலும் இங்கேயும் அட்டை கைகொடுத்தது. முதல் பாடலில், போதையைக் குறிப்பதாக நிறுவனம் அஞ்சிய ஒரு சொல் மூலப் பதிப்பில் வெட்டப்பட்டிருந்தது. பிற்காலப் பதிப்புகளில்தான் அது திரும்பியது. ஸ்டீரியோ பதிப்பு பல ஆண்டுகளாகச் சற்று மெதுவான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் கண்டுபிடித்து, 40-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் திருத்தினார்கள். கடையில் இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டால், பாடகர் ஜிம் மாரிசனின் குரல் மெதுவான தட்டில் ஒரு மயிரிழை கனத்து ஒலிக்கிறது. எனக்கு அந்தத் தவறான வேகம்தான் பிடித்திருக்கிறது.

வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் முதல் ஆல்பத்துக்கான வாழைப்பழப் பட உறை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் பிரதிகளில் ஒட்டியிருக்கும் தோல் படத்தை உரித்தால் உள்ளே இளஞ்சிவப்புப் பழம் இருக்கும். இங்கே இருப்பது உரிக்க முடியாத மறுபதிப்பு, விலை 3,200 ரூபாய், அந்த விலைக்கு அது தகாது. நிர்வானாவின் 1989-ஆம் ஆண்டு முதல் ஆல்பம் 606 டாலர் செலவில் உருவானது என்ற தகவலை யாராவது ஒருவர் வாரந்தோறும் சொல்லிவிடுகிறார். தட்டை ஓடவிடச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

என்னுடைய வாக்கு பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பத்துக்கு. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியான தட்டு அது. முந்தைய அக்டோபரில் ஒரே நாளில், ஏறத்தாழ 12 மணி நேரத்தில், மேடையில் வாசித்ததை அப்படியே வாசித்துவிட்டுப் போனார்கள். கித்தார் கலைஞர் டோனி அயோமி பர்மிங்காமில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் பதின்வயதில் வேலை பார்த்தபோது வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். இடக்கைப் பழக்கமுடையவர் என்பதால், தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் குப்பியை உருக்கி, விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். தட்டின் தொடக்கத்தில் மழை, இடி, தொலைவில் ஒரு மணியோசை. அதன்பின் மூன்று சுரங்கள் மட்டுமே கொண்ட அந்தக் கனத்த கித்தார் வரி. நம் கணக்கில் சொன்னால் சட்சமும் மேல் சட்சமும், அதன்பின் பிரதிமத்தியமத்தில் வந்து நிற்கும் ஒரு நடுக்கமும். அதற்கு முன் இருந்த எந்த இசைத்தட்டையும் பார்த்து எழுதியதாக அது தோன்றவில்லை. செப்லினின் தட்டில் ப்ளூஸின் முகவரி தெளிவாகத் தெரிகிறது. இதில் ப்ளூஸ் இருந்தும் தொழிற்சாலையின் முகவரிதான் தெரிகிறது.

இதே அட்டை என் கட்சியையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் தட்டில் இருக்கும் ‘ஈவில் உமன்’ க்ரோ என்ற அமெரிக்கக் குழுவின் பாடல். அது வரும்போது மட்டும் தட்டின் இறுக்கம் தளர்கிறது. அமெரிக்கப் பதிப்பில் அதை நீக்கிவிட்டு, குழுவே எழுதிய ‘விக்கட் வேர்ல்டு’ பாடலைச் சேர்த்தார்கள். ஆகவே என் வாக்கைத் திருத்திச் சொல்கிறேன்: அமெரிக்க அச்சுக்கு. “அப்போ முதல்ல வந்தது தோத்துப்போச்சு, நாலு மாசம் கழிச்சு வந்தது ஜெயிச்சுதா?” என்று உரிமையாளர் கேட்டதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை.

இனிக் குறைகள். ஹென்ட்ரிக்ஸ் தட்டின் பிரிட்டிஷ் பதிப்பு, அதாவது ‘ரெட் ஹவுஸ்’ உள்ள பதிப்பு வேண்டும் என்று தொலைபேசியில் தெளிவாகச் சொல்லி 2,800 ரூபாய் அனுப்பினேன். வீட்டுக்கு வந்த உறையில் செருகியிருந்த அட்டை பிரிட்டன் என்றது. உறையும் தட்டும் அமெரிக்கப் பதிப்பின் மறு அச்சு. கடைப் பையன் அட்டைகளை மாற்றிச் செருகிவிட்டதாகச் சொன்னார்கள். தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஆனால் பணத்தைத் தரவில்லை. அந்தத் தொகைக்கு வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அட்டையை நம்பித்தான் வியாபாரம் என்று இருக்கும் கடையில் இது சிறிய பிழையல்ல. அதன்பின் உறையிலிருந்து தட்டை உருவி, நடுவிலுள்ள வட்டத் தாளைப் படித்துப் பார்க்காமல் நான் பணம் கொடுப்பதில்லை. நீங்களும் கொடுக்க வேண்டாம். தட்டின் நிலைக்கு அவர் கொடுக்கும் மதிப்பெண்ணும் சற்றுத் தாராளமானது: ‘நன்று’ என்றிருந்தால் நடுத்தரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தட்டு எதையும் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டு வாங்கலாம் என்பதால் இதில் பெரிதாக ஏமாற வழியில்லை. முத்திரை பிரிக்காத புதிய தட்டுகளுக்கு அந்த வசதி கிடையாது.

பழைய தட்டுகள் 900 ரூபாயிலிருந்து, புதிய மறுபதிப்புகள் 2,500 ரூபாயிலிருந்து தொடங்குகின்றன. திங்கட்கிழமை விடுமுறை. மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி இல்லை. வயதானவர்களை அழைத்துப் போவதானால் யோசித்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்த இடம் இல்லை. சனிக்கிழமை அமர்வுக்கு மூன்றரைக்கே போய்விடுவது நல்லது. இருப்பவை பன்னிரண்டு நாற்காலிகள், அதில் ஒன்றின் கால் ஆடும். கடையில் என் கணக்கில் இருந்த அந்த 2,800 ரூபாய்க்கு நான் சபாத் தட்டைக் கேட்டேன். அலமாரியில் இருக்கும் அந்த ஒரு பிரதி மட்டும் விற்பனைக்கு இல்லையாம். மெதுவான வேகத்தில் ஓடும் பழைய டோர்ஸ் தட்டையும், மிச்சத்துக்கு ஒரு தட்டுத் துடைக்கும் பிரஷையும் வாங்கி வந்தேன்.